ஃபோர்ஜெயோ: காட்பாடி வரை கொண்டுவிடும், வேலூருக்கு நாம்தான் பஸ் ஏற வேண்டும்

சென்னை மெயின் லைனில் வேலூருக்கு வருகிறவர்கள் காட்பாடியில்தான் இறங்குகிறார்கள். ரயில் வந்து நின்றாயிற்று, பயணம் முடிந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் ஊருக்குள் போக இன்னொரு பஸ் ஏற வேண்டும். நிரல் எழுதும் குழுக்கள் தங்கள் நிரலையும் புகார்களையும் வைத்துக்கொள்ளும் மென்பொருளான ஃபோர்ஜெயோவில் ஒரு பக் (நிரல் பிழை) சிவப்பு நிறத்தில் ‘மூடப்பட்டது’ என்று மாறும்போது நடப்பதும் அதுதான். திருத்தம் மெயின் பிரான்ச்சில் (அடுத்த பதிப்பு வளரும் முதன்மைக் கிளையில்) இறங்கிவிட்டது. பயனர் கையில் இருக்கும் 1.4 பதிப்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அதை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சேர்ந்துவிட்டதா என்று எங்கே பார்ப்பது என்ற கேள்விகளுக்கு இந்த மென்பொருளிடம் நேரடிப் பதில் கிடையாது. அந்த ஒரு குறையைச் சமாளிக்கத் தெரிந்தால், கல்லூரி லேபிலோ சின்ன அலுவலகத்திலோ திறமூல வேலை செய்யும் ஐந்து முதல் முப்பது பேர் கொண்ட குழுவுக்கு இதைவிட அடக்கமான கருவி கிடைப்பது கஷ்டம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்பெராண்டோ மொழியில் ‘கொல்லன் பட்டறை’ என்று பொருள். கிட்டீ என்ற மென்பொருளிலிருந்து 2022 டிசம்பரில் பிரிந்தது. 2024 தொடக்கத்தில் உறவை முழுக்க முறித்துக்கொண்டு தனி வழி போனது. பெர்லினைச் சேர்ந்த கோட்பெர்க் என்ற லாப நோக்கற்ற சங்கத்தின் நிழலில் வளர்கிறது. விலை இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்ற சந்தாவும் இல்லை. கோட் சேமிப்பு (ரெப்போ), இஷ்யூ (புகார்), புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்பது), ரிலீஸ் எல்லாம் ஒரே இடத்தில்.

நிறுவுவது அரை மணி வேலை. ஒரே ஒரு பைனரி கோப்பு, அதோடு சர்வரில், கோடின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் இருந்தால் போதும், கண்டெய்னராகவும் ஓட்டலாம். 1 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷின் சின்னக் குழுவுக்குத் தாங்கும். டேட்டாபேஸுக்கு எஸ்கியூலைட்டே போதும், போஸ்ட்கிரஸ் வேண்டுமென்றால் அதுவும் ஆகும். இந்தக் கட்டத்தில் தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஆப் டாட் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பில் ரூட் யூஆர்எல்லை வெளியே தெரியும் முகவரியாகப் போடாமல் விட்டால், குளோன் செய்யும் லிங்க் எல்லாம் லோக்கல்ஹோஸ்ட் என்று வரும். மெயில் அமைப்பை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் யாருக்கும் எந்த மெயில் அறிவிப்பும் போகாது, போகவில்லை என்ற எச்சரிக்கையும் வராது. ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் பேட்ச் அப்படியே கிடக்கும். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரை வைத்திருந்தால் அதன் இயல்பான அப்லோடு வரம்பு 1 எம்பி. ரிலீஸ் அன்று 20 எம்பி கோப்பை ஏற்றும்போது ‘413’ என்று முகத்தில் அடிக்கும். ஃபோர்ஜெயோவைத் திட்டிப் பயனில்லை, என்ஜின்எக்ஸில் அந்த வரம்பை உயர்த்த வேண்டும்.

லேபிலேயே மெஷின் வைக்கிறவர்கள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காலை போன கரண்ட் சாயங்காலம்தான் வரும் என்கிற நாளில் ரிலீஸ் தேதியை வைத்தால் பழி மென்பொருள்மேல் விழும். மே மாத வேலூர் வெயிலில் ஏசி இல்லாத அறையில் சர்வர் ஓட்டுவதைப் பற்றி நாங்கள் சொல்ல என்ன இருக்கிறது.

பக் உள்ளே வரும் வாசல்

இஷ்யூ டெம்ப்ளேட் வசதி நன்றாகவே இருக்கிறது. ரெப்போவுக்குள் புள்ளியில் தொடங்கும் ‘ஃபோர்ஜெயோ’ ஃபோல்டரில் ஒரு யாமல் கோப்பு வைத்தால், புகார் தருகிறவருக்கு வெற்றுப் பெட்டிக்குப் பதில் படிவம் வரும். பதிப்பு எண், இயங்குதளம், உள்ளிட்ட தரவு, எதிர்பார்த்தது, கிடைத்தது ஆகிய ஐந்து கட்டம் போதும். முதல் மூன்றைக் கட்டாயமாக்குங்கள். பத்துக் கட்டம் வைத்தால் ‘இல்லை, இல்லை, தெரியாது’ என்று நிரப்பி அனுப்புவார்கள்.

உள்ளிட்ட தரவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முகவரிச் சீட்டு அச்சிடும் ஒரு நிரல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயருக்கு 32 பைட் ஒதுக்கியிருக்கிறது. அதைத் தாண்டினால் பைட் கணக்கில் வெட்டிவிடுகிறது. யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் (எழுத்து, புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றுக்கும் யூனிகோட் தரும் எண்) 3 பைட். ‘வேலூர்’ கண்ணுக்கு மூன்று எழுத்து, உள்ளே ஆறு குறியெண், 18 பைட். சிக்கல் இல்லை. ‘காட்பாடி’ 24, ‘ஆம்பூர்’ 21, ‘ஆற்காடு’ 21. எல்லாம் ஒழுங்காக அச்சாகும், நிரலை எழுதியவரும் நிம்மதியாக இருப்பார். ‘குடியாத்தம்’ 33 பைட். ஒரே ஒரு பைட் கூடுதல். வெட்டு விழுவது கடைசிப் புள்ளியின் நடுவில். ‘குடியாத்தம’ என்று நின்று, பக்கத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் வரும். ‘இராணிப்பேட்டை’ 39 பைட், ‘இராணிப்பேட’ என்ற மொட்டைப் பெயரும் அதே கட்டமும். ‘வட ஆற்காடு’ என்று எழுதினால் 28 பைட்டில் தப்பிக்கும், ‘வட ஆர்க்காடு’ என்று எழுதினால் 34 ஆகி மாட்டும்!

‘சில ஊர்ப் பெயர் தப்பாக வருகிறது’ என்று மட்டும் ஒரு புகார் வந்தால், டெவலப்பர் வேலூர் என்று அடித்துப் பார்த்துவிட்டு ‘இங்கே சரியாகத்தான் வருகிறது’ என்று மூடிவிடுவார். படிவத்தில் ‘குடியாத்தம்’ என்ற சொல் இருந்தால் இரண்டே நிமிடத்தில் பக் கையில் சிக்கும்.

ஒரு பக், இரண்டு ரிலீஸ்

இந்த பக்கைச் சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, குறியெண் நடுவிலோ எழுத்து நடுவிலோ வெட்டாமல் முழு எழுத்தாகப் பார்த்து வெட்டுவது. அப்போது இராணிப்பேட்டை ‘இராணிப்பே’ என்று 27 பைட்டில் நிற்கும். அழகில்லைதான், ஆனால் கோப்பு கெடாது, அடுத்து அதைப் படிக்கும் நிரல் விழுந்து சாகாது. இன்னொன்று, இடத்தையே 96 பைட்டாக அகலப்படுத்துவது. முழுப்பெயர் வரும், ஆனால் கோப்பின் அமைப்பே மாறிவிடும். பழைய பதிப்பால் புதிய கோப்பைத் திறக்க முடியாது. முதல் வழி 1.4.2 என்ற பராமரிப்பு ரிலீஸுக்கு ஏற்றது. இரண்டாவது 1.5 வரை காத்திருக்க வேண்டியது. கடைசி எண் மட்டும் ஏறும் ரிலீஸில் கோப்பு அமைப்பை மாற்றுகிறவர்களைப் பயனர்கள் மன்னிப்பதில்லை.

இங்கேதான் கருவியின் முதல் முட்டுக்கட்டை. ஃபோர்ஜெயோவில் ஒரு இஷ்யூவுக்கு ஒரு மைல்ஸ்டோன்தான் (எந்த ரிலீஸுக்கான வேலை என்ற குறி). 1.4.2, 1.5 இரண்டிலும் ஒரே புகாரைக் கட்ட முடியாது. ஆகவே மூலப் புகாரை #41 என்று வைத்துக்கொண்டு, ‘எழுத்து எல்லையில் வெட்டு’ என்று #42-ஐ 1.4.2 மைல்ஸ்டோனிலும், ‘இடத்தை அகலப்படுத்து’ என்று #43-ஐ 1.5-இலும் திறந்து, #41 இரண்டையும் சார்ந்தது என்று டிபென்டன்சி போடுங்கள். இந்த டிபென்டன்சி வசதிக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். சார்ந்திருப்பவை திறந்திருக்கும்வரை #41-ஐ மூட விடாது. புல் ரிக்வெஸ்டுக்கும் இதே பூட்டு உண்டு. தடை நீங்காமல் மெர்ஜ் (இணைக்கும்) பொத்தான் இறங்காது. வாயால் சொல்லி வைத்த ‘அது முடிஞ்சப்புறம் இதை மெர்ஜ் பண்ணு’ மறந்துபோகும், இது மறக்காது.

மைல்ஸ்டோன் பக்கத்தில் வரும் சதவீதப் பட்டையை மட்டும் நம்ப வேண்டாம். ‘சரிசெய்யப் போவதில்லை’ என்று மூடியதையும் முடிந்த வேலையாகவே அது எண்ணும். தேதி நெருங்கும்போது 90 சதவீதம் என்று காட்டும். மிச்சம் இருக்கும் பத்தில்தான் ரிலீஸை நிறுத்தக்கூடிய பக் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது முட்டுக்கட்டை முதலில் சொன்ன காட்பாடி விவகாரம். புல் ரிக்வெஸ்டில் ‘ஃபிக்ஸஸ் #42’ என்று ஆங்கிலத்தில் எழுதி மெயினில் மெர்ஜ் செய்த அந்த நொடியே #42 மூடிக்கொள்ளும். 1.4 பிரான்ச்சில் அந்தத் திருத்தம் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. மூடிய இஷ்யூ இயல்பான பட்டியலில் தெரியாது. கண்ணில் படாதது கருத்தில் நிற்காது. 1.4.2 வெளியான பிறகு குடியாத்தத்திலிருந்து அதே புகார் மறுபடி வரும்போதுதான் பேக்போர்ட் (திருத்தத்தைப் பழைய பிரான்ச்சுக்கும் கொண்டுபோவது) விட்டுப்போனது தெரியும்.

1998-இல் பிறந்த பக்ஜில்லா என்ற பக் பதிவுக் கருவி பார்ப்பதற்குப் பழைய ரேஷன் கடைப் பதிவேடு போலத்தான் இருக்கும். ஆனால் மொசில்லா அதை ஓட்டுகிற விதத்தில் இந்த விஷயம் சரியாக இருக்கிறது. ஃபயர்பாக்ஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி நிலை: பாதிப்பு உண்டு, பாதிப்பில்லை, சரியாயிற்று, செய்யப்போவதில்லை என்று ஒரே பக்குக்குள் வரிசையாகப் போட்டுக்கொள்ளலாம். ஃபோர்ஜெயோவில் அப்படி ஒரு புலம் இல்லை. ஆனால் அதன் ஸ்கோப் லேபிளை வைத்து ஏறத்தாழ அதையே செய்துவிட முடியும், இந்த விமர்சனத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துப்போவதானால் இதை எடுத்துப்போங்கள்.

லேபிள் பெயரின் நடுவில் சாய்கோடு போட்டு, ‘எக்ஸ்குளூசிவ்’ கட்டத்தை டிக் செய்தால், சாய்கோட்டுக்கு முன்பகுதி ஒரே மாதிரி உள்ள லேபிள்களில் ஒன்றுதான் ஓர் இஷ்யூவில் ஒட்டும். மற்றதை ஒட்டினால் பழையது தானே உதிரும். பொதுவாக இதை ‘முன்னுரிமை/அதிகம்’, ‘முன்னுரிமை/குறைவு’ என்றுதான் பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பதில் முன்பகுதியில் பிரான்ச் எண்ணைப் போடுங்கள்: ‘1.4/பாதிப்பு’, ‘1.4/சேர்த்தாச்சு’, ‘1.4/வேண்டாம்’. 1.3-ஐயும் பராமரித்தால் அதற்கும் இதே மூன்று. புகாரை முதலில் பார்க்கிறவர் எந்தெந்தப் பிரான்ச்சில் பக் இருக்கிறது என்று சோதித்து ‘பாதிப்பு’ ஒட்ட வேண்டும். பேக்போர்ட் மெர்ஜ் ஆனதும் அதைச் செய்தவரே ‘சேர்த்தாச்சு’ என்று மாற்ற வேண்டும்.

ரிலீஸுக்கு முன்பு பார்க்க வேண்டிய பட்டியல் இப்போது ஒரே வடிகட்டி: மூடிய இஷ்யூக்களில் ‘1.4/பாதிப்பு’ இருப்பவை. ‘மூடிய’ என்பதைக் கவனியுங்கள். திறந்த பட்டியலில் தேடினால் காலியாக இருக்கும், எல்லாம் முடிந்தது என்று ஏமாந்துவிடுவீர்கள். அந்த வடிகட்டிய பக்கத்தின் முகவரியை ரெப்போவின் விக்கி முகப்பில் போட்டு வையுங்கள். பட்டியல் காலியாகாமல் டேக் (ரிலீஸுக்கான பதிப்புப் பெயர்) போடக் கூடாது.

பேக்போர்ட் செய்கிற வேலை

மெயினில் மெர்ஜ் செய்யும்போது ‘ஸ்குவாஷ்’ முறையை (பல கமிட்டை, அதாவது பதிவான மாற்றங்களை, ஒன்றாக்குவது) தேர்ந்தெடுங்கள். ஒரு திருத்தம் ஒரு கமிட் என்று இருந்தால் அதைத் தூக்கி 1.4-இல் வைப்பது சுலபம். மெர்ஜ் கமிட்டாக இருந்தால் செர்ரி-பிக்குக்கு (ஒரு கமிட்டை மட்டும் எடுத்து வேறு பிரான்ச்சில் வைக்கும் கட்டளை) ‘-எம் 1’ என்று எந்தப் பெற்றோர் என்பதையும் சொல்ல வேண்டும், புதியவர்கள் அங்கே தடுமாறுவார்கள். எப்படியானாலும் ‘-எக்ஸ்’ சேர்க்க மறக்காதீர்கள். மூல கமிட் எண் செய்தியின் அடியில் ஒரு வரியாக விழும். செர்ரி-பிக் செய்ததும் கமிட் எண் மாறிவிடுவதால், ‘இந்த கமிட் எந்தெந்தப் பிரான்ச்சில் இருக்கிறது’ என்று கிட்டிடம் கேட்டால் மெயினை மட்டும்தான் சொல்லும். அந்த ஒரு வரிதான் பின்னால் தேடுகிறவருக்குப் பிடிமானம்.

வலைப்பக்கத்திலேயே கமிட்டைத் திறந்து செர்ரி-பிக் செய்யும் பொத்தான் இருக்கிறது. சின்னத் திருத்தத்துக்கு அருமை. முரண் (இரண்டு மாற்றம் ஒரே இடத்தில் மோதுவது) வந்தால் அங்கே தீர்க்க வழி இல்லை, டெர்மினலுக்குத்தான் போக வேண்டும். முரண் அதிகம் வருவது வரிசை மாற்றி எடுக்கும்போது. மெயினில் எந்த வரிசையில் இறங்கியதோ அதே வரிசையில் 1.4-க்கும் கொண்டுபோங்கள்.

விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க ‘கிட் செர்ரி’ என்ற கட்டளை உண்டு. 1.4-ஐயும் மெயினையும் கொடுத்தால் மெயினில் மட்டும் இருப்பதற்குக் கூட்டல் குறியும், மாற்றம் அப்படியே 1.4-இலும் இருப்பதற்குக் கழித்தல் குறியும் போடும். ஒரு பொறி: முரணைத் தீர்த்து வரிகளை மாற்றி எடுத்திருந்தால், சேர்த்ததற்கும் கூட்டல் குறிதான் வரும். ஆகையால் அதை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. லேபிளோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஃபோர்ஜெயோவின் சொந்த டெவலப்பர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது சுவாரசியம். புல் ரிக்வெஸ்டில் ‘பேக்போர்ட்’ லேபிள் ஒன்றை ஒட்டினால், மெர்ஜ் ஆனதும் ஒரு ஆக்ஷன் (தானியங்கி வேலை) தானே பேக்போர்ட் புல் ரிக்வெஸ்டைத் திறந்துவிடுகிறது. வசதி உள்ளே கட்டப்பட்டதல்ல, மேலே ஒட்டவைத்தது. மாதம் நான்கைந்து பேக்போர்ட் செய்கிற குழு இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. இருபதைத் தாண்டினால் செய்துகொள்வது லாபம். இதற்கு ஃபோர்ஜெயோ ரன்னர் என்ற தனி நிரல் ஓட வேண்டும். அதை ஃபோர்ஜெயோ இருக்கும் அதே மெஷினில் ஓட்டாதீர்கள். வெளியார் அனுப்பும் கோட் அதில்தான் ஓடப்போகிறது.

பாதுகாப்புப் பூட்டுகள் நன்றாக இருக்கின்றன. ‘ரிலீஸ்’ என்று தொடங்கும் எல்லாப் பிரான்ச்சுக்கும் ஒரே விதி போடலாம்: நேரடி புஷ் கிடையாது, இரண்டு ஒப்புதல் வேண்டும், புதிய கமிட் வந்தால் பழைய ஒப்புதல் செல்லாது, சோதனை பச்சையானால்தான் மெர்ஜ். நிர்வாகிக்கும் இந்த விதி பொருந்தும் என்ற கட்டம் தனியாக இருக்கிறது. அதை டிக் செய்யாவிட்டால் அவசரத்தில் முதலில் விதியை மீறுகிறவர் நிர்வாகியாகத்தான் இருப்பார். டேக்குகளுக்கும் தனிப் பூட்டு உண்டு. ‘வி’ என்று தொடங்கும் டேக்கை இரண்டு பேர் மட்டும் போடலாம் என்று வைத்துவிடுங்கள்.

சோதனை எழுதும்போது எல்லைக்கோட்டு ஊர்களைச் சேர்க்க மறக்காதீர்கள். 32-க்கு உள்ளே வேலூர், ஒரு பைட் தாண்டிய குடியாத்தம், வாணியம்பாடி (அதுவும் 33தான்), நன்றாகத் தாண்டிய திருப்பத்தூர். கூடவே ஸ்ரீபுரம். மொத்தம் 27 பைட், எல்லைக்கு உள்ளே வந்துவிடும்; ஆனால் ‘ஸ்ரீ’ என்ற ஒரே வடிவத்துக்குள் நான்கு குறியெண் இருப்பதால், வரம்பை 6 பைட்டாக வைத்துச் சோதித்தால் வெட்டும் நிரல் எழுத்தை மதிக்கிறதா, குறியெண்ணை மட்டும் எண்ணுகிறதா என்பது அம்பலமாகும்.

டேக் போடும் நாள்

1.4.2-க்கு முன்னால் ‘ஆர்சி1’ என்ற சோதனைப் பதிப்பு ஒன்றை, முன்வெளியீடு என்ற கட்டத்தை டிக் செய்து விடுங்கள். அப்படி விட்டது ‘சமீபத்திய ரிலீஸ்’ என்று முகப்பில் வராது. ஒரு வாரம் வைத்திருந்து, அதற்குள் வரும் பக்குகளில் ஆர்சியால் புதிதாக முளைத்ததை மட்டும் எடுங்கள். பழைய பக் எவ்வளவு அரித்தாலும் 1.4.3-க்குத்தான். ‘இதையும் சேர்த்துடலாமே’ என்று ஆரம்பித்தால் ஆர்சி5 வரை இழுக்கும்.

ரிலீஸை முதலில் வரைவாக வைக்கும் வசதிதான் இந்தப் பகுதியில் மிகவும் பிடித்தது. வரைவில் இருக்கும்வரை டேக் விழாது. குறிப்பு எழுதி, கோப்புகளை ஏற்றி, இன்னொருவரை விட்டு இறக்கிப் பார்க்கச் சொல்லி, சரி என்றால் வெளியிடலாம். வெளியிட்ட பிறகு அதே பெயரில் கோப்பை மாற்றி ஏற்ற ஃபோர்ஜெயோ அனுமதிக்கும். செய்யாதீர்கள். முதலில் இறக்கியவரிடம் ஒன்று, பிறகு இறக்கியவரிடம் ஒன்று, செக்சம் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகாது. தவறு இருந்தால் 1.4.3 விடுங்கள், எண்களுக்குப் பஞ்சமில்லை.

தானாக உருவாகும் சோர்ஸ் ஜிப், டார் கோப்புகளை அதிகாரபூர்வமாகக் கொள்ளலாமா? கொள்ள வேண்டாம். சப்மாட்யூல் (உள்ளே இணைத்த வேறு ரெப்போ) அதில் வராது. பைட்டுக்குப் பைட் அப்படியே இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2023 ஜனவரியில் கிட்ஹப்பில் சுருக்கும் முறை மாறியதால் செக்சம் ஒத்துவராமல் ஊரெல்லாம் பில்ட் உடைந்தது. அதற்காக ஒருவர் லேப்டாப்பில் கட்டிய டார் கோப்பை ஏற்றுவதும் சரியல்ல. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலின் பின்கதவு விவகாரத்தில், பின்கதவைத் திறந்துவிடும் வரிகள் கிட் ரெப்போவில் இல்லை, ரிலீஸ் டார் கோப்பில் மட்டும் இருந்தன. டேக்கிலிருந்து ரன்னர் கட்டட்டும், செக்சம் கோப்பும் அதுவே எழுதட்டும், மனிதக் கை வெளியிடும் பொத்தானில் மட்டும் படட்டும்.

தரவுக் கோப்புகளைக் கோடிலிருந்து பிரித்து வைத்தால் இந்தச் சடங்கு இலகுவாகும். 2019-இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மாவட்டப் பட்டியல் நிரலுக்குள் பத்து இடத்தில் எழுதப்பட்டிருந்தால் அது பெரிய ரிலீஸ்; ஒரு தனிக் கோப்பில் இருந்தால் இரண்டு வரிப் பேட்ச், எல்லாப் பிரான்ச்சுக்கும் முரணின்றிப் போகும். இந்த மாதிரி நிரல்களில் வேலூர் வட்டாரம் என்றாலே அஞ்சல் குறியீடு 632 என்று எழுதி வைத்திருப்பதையும் பார்க்கலாம். ஆனால் ஆம்பூர் 635802.

தமிழில் இஷ்யூ எழுதுகிறவர்களுக்கு

தேடல் சுமார்தான். சொல்லைச் சொல்லாகவே பார்க்கும், வேற்றுமை உருபைப் பிரிக்கத் தெரியாது. ‘வேலூர்’ என்று தேடினால் ‘வேலூரில்’ வராது. இஷ்யூ இன்டெக்ஸரை டேட்டாபேஸ் வகைக்கு மாற்றினால் சொல்லின் துண்டைக் கொண்டும் தேடலாம். அப்போது புள்ளி இல்லாமல் ‘வேலூர’ என்று அடித்தால் இரண்டும் வரும். சின்னக் குழுவுக்கு வேகம் பாதிக்காது. எப்படியும் தேடலைவிட லேபிளை நம்புவதே நல்லது. அதிலும் ஒரு தொல்லை: ‘கோ’ என்பதை ஒரே கொம்புக்காலாகவும் அடிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். திரையில் ஒன்றுபோலிருக்கும், கணினிக்கு வேறு வேறு. ‘கோப்பு’ என்று இரண்டு லேபிள் தெரிந்தால் காரணம் இதுதான்; ஒன்றை அழித்துவிட்டு, புதிய லேபிள் போடும் உரிமையை இருவருக்கு மட்டும் கொடுங்கள்.

டெர்மினலில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் 340, 256 என்று எண்களாகக் கொட்டினால் பயப்பட வேண்டாம். ‘கோர்’ பகுதியில் ‘குவோட்பாத்’ என்ற கிட் அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் எழுத்தாகத் தெரியும்.

பெரிய ஓட்டை ஒன்று மிச்சம் இருக்கிறது. பொது ரெப்போவில் ஓர் இஷ்யூவை மட்டும் ரகசியமாக வைக்க முடியாது. இதே வகைக் கருவியான கிட்லேபில் அந்த வசதி உண்டு. கிட்ஹப்பில் பாதுகாப்பு அறிவிப்பை மூடிய அறைக்குள் தயாரித்து, பேட்சையும் அங்கேயே எழுதலாம். ஃபோர்ஜெயோவில் பாதுகாப்பு பக் வந்தால் அதற்கென்று தனியார் ரெப்போ ஒன்று வைத்து, திருத்தத்தை அங்கே முடித்து, மெயினுக்கும் 1.4-க்கும் ஒரே நாளில் தள்ளி, அன்றே டேக் போட வேண்டும். மெயினில் திங்கட்கிழமை, ரிலீஸ் வெள்ளிக்கிழமை என்று இடைவெளி விட்டால் பேட்சைப் படித்தே வழி கண்டுபிடித்துவிடுவார்கள். புகார் அனுப்பும் மெயில் முகவரியை ரீட்மியின் மேலேயே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் நல்லெண்ணத்தோடு பொது இஷ்யூவாகவே போட்டுவிடுவார்கள்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்: வெளியிலிருந்து நிறையப் பேர் பங்களிக்க வேண்டும் என்பதுதான் குறி என்றால் கிட்ஹப்பே மேல், கூட்டம் அங்கேதான் இருக்கிறது. கிட்லேப் வசதியில் பெரியது, ரேமையும் அதே அளவில் தின்னும். பழைய மெஷினில் மூச்சுவாங்கும். கிட்ஹப்பிலிருந்து மாறுகிறவர்களுக்கு ஃபோர்ஜெயோவின் இறக்குமதி நன்று. இஷ்யூ, லேபிள், மைல்ஸ்டோன், ரிலீஸ் எல்லாம் வரும். டோக்கன் கொடுத்துச் செய்யுங்கள். கொடுக்காவிட்டால் கிட்ஹப் மணிக்கு 60 கோரிக்கையோடு நிறுத்திவிடும், கொடுத்தால் 5,000. ஏற்கெனவே கிட்டீ வைத்திருக்கும் கல்லூரிகள் கவனிக்க: 1.22 வரை இருந்தால் ஃபோர்ஜெயோ வி10 வழியாக மாறிக்கொள்ளலாம். 1.23-க்குப் போய்விட்டால் அந்த நேர்வழி இல்லை.

ஃபோர்ஜெயோவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. ஆளில்லாத லேபில் அதைத் துரத்த வேண்டாம். வி11 போன்ற நீண்ட ஆதரவுப் பதிப்பில் உட்கார்ந்துகொண்டு அதன் சின்னத் திருத்தங்களை மட்டும் ஏற்றுங்கள், வி11.0 2025 ஏப்ரலில் வந்தது, ஆதரவு 2026 ஜூலை வரை. பதிப்பு ஏற்றும்போது டேட்டாபேஸ் தானாக மாறும், பின்வாங்க வழியில்லை. அதனால் முதலில் சர்வீஸை நிறுத்தி, டம்ப் (முழுப் பிரதி) எடுத்து, அந்த ஜிப்பை வேறு மெஷினுக்கு நகர்த்திய பிறகே தொடங்குங்கள். எடுக்க ஒரு கட்டளை உண்டு, திருப்பிப் போட ஒரு கட்டளை கிடையாது. ரெப்போ ஃபோல்டர், டேட்டாபேஸ், ஆப் டாட் ஐஎன்ஐ மூன்றையும் கையால் இடத்தில் வைக்க வேண்டும். அந்த ஐஎன்ஐயில் இருக்கும் சீக்ரெட் கீ தொலைந்தால் எல்லோருடைய இரட்டைப் பூட்டு லாகினும் போச்சு. செமஸ்டர் விடுமுறையில் ஒரு பழைய லேப்டாப்பில் ஒருமுறை திருப்பிப் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் ஆகும்.